அரசு ஒத்துக்கொண்ட வழக்கில் செலவுத்தொகை யாருக்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்கள் ஒரே ஐயத்தைப் பல உருவங்களில் என்னிடம் கேட்டு வருகிறார்கள். நிறுத்திய ஓய்வூதியம் வந்துவிட்டது, மறுத்த உரிமம் கைக்குக் கிடைத்துவிட்டது, தவறான வரி விதிப்பு நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் அதைப் பெறுவதற்காக நீதிமன்றப் படியேறிச் செலவழித்த பணத்தை யார் தருவது என்பதே அந்த ஐயம். இந்தியச் சட்டத்தையும் தமிழ்நாட்டு நீதிமன்றங்களின் நடைமுறையையும் கொண்டு, கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து, விடைகளைத் தொகுத்திருக்கிறேன். வழக்குக்கு வழக்கு ஆவணங்கள் மாறும் என்பதால், இதைப் படித்துவிட்டு உங்கள் வழக்குரைஞரிடம் பேசுங்கள்.

அரசே ஒத்துக்கொண்டுவிட்டது. என் செலவைத் தானாகவே தந்துவிடுவார்களா?

தரமாட்டார்கள். அரசு ஒத்துக்கொள்வது நீங்கள் கேட்ட நிவாரணத்தைத்தான். செலவுத்தொகை நீதிமன்றத்தின் ஆணையில் தனியாகச் சொல்லப்பட்டால் மட்டுமே உங்களுக்கு உரிமையாகும். ஆணையில் அதைப் பற்றி எதுவும் இல்லையென்றால், துறை அலுவலர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்தப் பணத்தை அவரால் அனுமதிக்க இயலாது.

மனுவின் இறுதியில் ‘செலவுத்தொகையுடன்’ என்று எல்லோரும் தட்டச்சு செய்துவிடுகிறார்கள். அரசு வழக்குரைஞர் எழுந்து ஒத்துக்கொள்வதாகச் சொல்லும்போது அதை வாய்விட்டுக் கேட்பவர்கள் மிகக் குறைவு. கேட்ட நிவாரணம் கிடைத்துவிட்ட நிம்மதியில் அந்த ஒரு நிமிடம் கடந்துவிடுகிறது; நீதிபதி ஆணையைச் சொல்லி முடித்த பிறகு திரும்பி வந்து கேட்பது கடினம். கீழே வரும் விடைகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு நிமிடத்துக்கு முன்கூட்டியே ஆயத்தமாவதைப் பற்றியவைதான்.

வழக்குச் செலவு என்றால் எதெல்லாம் சேரும்? வக்கீலுக்குக் கொடுத்த முழுத் தொகையும் திரும்புமா?

நீதிமன்றக் கட்டணம், அழைப்பாணைக் கட்டணம், சாட்சிகளுக்கான படி, விதிகளின்படி கணக்கிடப்படும் வழக்குரைஞர் கட்டணம் ஆகியவை முதலில் வரும். உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் கட்டளை 20அ (இச்சட்டத்தில் ‘கட்டளை’ என்பது விதிகளின் தொகுதி), வழக்குக்கு முன் அனுப்பிய அறிவிப்பின் செலவு, தட்டச்சு மற்றும் அச்சுச் செலவு, ஆவணங்களைப் பார்வையிடக் கட்டிய தொகை, மேல்முறையீட்டுக்காகத் தீர்ப்பு நகல் பெற்ற செலவு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள இடம் தருகிறது. சேலம் வழக்குரைஞர் சங்க வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம், செலவுத்தொகை என்பது உண்மையான, நியாயமான செலவாக இருக்க வேண்டும் என்றும், வென்றவர் செலவிட்ட நேரம், பயணம், தங்குமிடம் ஆகியவையும் அதில் அடங்கும் என்றும் கூறியது.

ஆனால் வழக்குரைஞருக்கு நீங்கள் கொடுத்ததற்கும் விதிகள் அனுமதிப்பதற்கும் இடையே பெரிய பள்ளம் இருக்கிறது. ஒரு வழக்கில் உயர் நீதிமன்றம் வழக்குரைஞர் கட்டணத்தை அப்படியே ஏற்று 45 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவுத்தொகை விதித்தபோது, விதிகளில் இடமில்லாமல் அவ்வாறு வழங்க முடியாது என்று 2011இல் சஞ்சீவ் குமார் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. விதிகளைத் திருத்த வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் வலியுறுத்தியது. ஆகவே முழுத் தொகையையும் எதிர்பார்க்க வேண்டாம். வழக்குரைஞரை வைக்காமல் நீங்களே வாதாடியிருந்தால், கொடுக்காத கட்டணத்தைக் கேட்க முடியாது. கைப்பணம் போட்ட மற்ற செலவுகளைக் கேட்கலாம்.

தோற்றவர்தான் செலவைக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். ஒத்துக்கொண்டவர் தோற்றவர் ஆவாரா?

உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் பிரிவு 35 செலவுத்தொகையை நீதிமன்றத்தின் விருப்புரிமைக்கு விடுகிறது (கீழே சட்டத்தின் பெயர் சொல்லாமல் வரும் பிரிவுகளும் கட்டளைகளும் பெரும்பாலும் இச்சட்டத்தவையே). அதேசமயம், வழக்கின் முடிவை ஒட்டிச் செலவு போக வேண்டாம் என்று நீதிமன்றம் கருதினால் அதற்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்றும் அப்பிரிவு சொல்கிறது. அதாவது, வென்றவருக்குச் செலவு கிடைப்பதுதான் இயல்பு. வாதாடித் தோற்றாலும், வாதாடாமல் ஒத்துக்கொண்டாலும், வாதிக்குச் சாதகமாகத் தீர்ப்பாணை பிறந்தால் முடிவு ஒன்றே.

இந்தக் கேள்விக்கான தெளிவான வெளிச்சம், பலரும் புரட்டிப் பார்க்காத கட்டளை 24 விதி 4இல் இருக்கிறது. பிரதிவாதி பணத்தை நீதிமன்றத்தில் கட்டி, வாதி அதை முழுத் தீர்வாக ஏற்றுக்கொண்டால், செலவை யார் ஏற்பது என்று முடிவு செய்யும்போது, இந்த வழக்கு வந்ததற்கு அதிகப் பழி யாருடையது என்று நீதிமன்றம் பார்க்க வேண்டும். சட்டமே மூன்று எடுத்துக்காட்டுகளைத் தருகிறது. 100 ரூபாய் கடனை ஒருமுறைகூடக் கேட்காமல் நேரே வழக்குப் போட்டவருக்கு, பிரதிவாதி உடனே பணத்தைக் கட்டிவிட்டால், செலவு கிடையாது. அதே வழக்கில் பிரதிவாதி முதலில் மறுத்துவிட்டுப் பிறகு கட்டினால், வழக்குத் தேவைப்பட்டது என்பதை அவர் நடத்தையே காட்டிவிட்டது; வாதிக்குச் செலவு உண்டு. 100 ரூபாயைத் தர ஆயத்தமாக இருந்தவர் மேல் 150 ரூபாய் கேட்டு வழக்குத் தொடுத்து, கடைசியில் 100 ரூபாயையே முழுத் தீர்வாக ஏற்றுக்கொண்டவர், எதிர்த்தரப்பின் செலவை ஏற்க வேண்டும்.

எதிரே நிற்பது அரசாக இருந்தாலும் இந்த மூன்று எடுத்துக்காட்டுகளும் அப்படியே பொருந்தும் என்பது என் கருத்து. வழக்குக்கு முன் நீங்கள் கேட்டீர்களா, அரசு என்ன சொன்னது, நீங்கள் கேட்டதும் கடைசியில் பெற்றதும் ஒன்றா என்ற மூன்றுக்கும் கையில் தாள் இருந்தால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கும்.

இரண்டு மாத நோட்டீஸ் அனுப்பினேன், பதிலே இல்லை. வழக்குப் போட்டதும் ஒத்துக்கொள்கிறார்கள். இது நியாயமா?

நியாயமில்லை, உச்ச நீதிமன்றமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. அரசின் மீதோ, பதவியின் பேரில் செய்த செயலுக்காக அரசு அலுவலர் மீதோ உரிமையியல் வழக்குத் தொடுக்கும் முன் இரண்டு மாத அறிவிப்பு தர வேண்டும் என்ற பிரிவு 80, உரிமை உண்மையானது என்று தெரிந்தால் அரசு வழக்கில்லாமலே தீர்த்துக்கொள்ளட்டும் என்பதற்காகத் தரப்பட்ட அவகாசம். அந்த இரண்டு மாதத்தை உறங்கிக் கழித்துவிட்டு, நீங்கள் நீதிமன்றக் கட்டணம் கட்டிய பின் ஒத்துக்கொள்வது, அந்தப் பிரிவின் நோக்கத்தையே வீணாக்குகிறது.

மேலே சொன்ன 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பே இங்கும் உதவும். பிரிவு 80 அறிவிப்புகளுக்கு உரிய காலத்தில் பதில் அனுப்புவதை உறுதிசெய்ய ஒவ்வோர் அரசும் பொறுப்பு அலுவலரை நியமிக்க வேண்டும் என்று அதில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. பதிலே அனுப்பவில்லை என்றோ, மழுப்பலான பதிலைச் சிந்திக்காமல் அனுப்பினார்கள் என்றோ தெரிந்தால், நீதிமன்றம் சாதாரணமாக அரசின் மீது கடுமையான செலவுத்தொகை விதிக்க வேண்டும்; அந்த அலுவலரிடமிருந்து அதை வசூலிப்பது உட்பட நடவடிக்கை எடுக்கவும் சொல்ல வேண்டும். இவ்வளவு தெளிவான வழிகாட்டுதலை எடுத்துக்காட்டிச் செலவு கேட்பவர்கள் அரிதாக இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. அறிவிப்பின் நகலையும் அஞ்சல் ஒப்புகையையும் பத்திரப்படுத்துங்கள். செலவு கேட்கும்போது முதலில் நீட்ட வேண்டிய தாள்கள் அவை.

நோட்டீஸ் அனுப்ப நேரமில்லை, அவசரம் என்று நேராகப் போய்விட்டேன். செலவு கேட்கும் உரிமை போய்விடுமா?

அவசர நிவாரணம் தேவைப்படும் வழக்குகளில் நீதிமன்றத்தின் அனுமதியோடு அறிவிப்பின்றி வழக்குத் தொடுக்கப் பிரிவு 80 உட்பிரிவு 2 இடமளிக்கிறது. எனவே உரிமை போய்விடாது. ஆனால் அரசு முதல் வாய்தாவிலேயே ஒத்துக்கொண்டால், கேட்காமலே வழக்குக்கு வந்த முதல் எடுத்துக்காட்டுக்காரர் நிலையில் உங்களை வைத்து அரசுத் தரப்பு வாதிடும். நாளை இடிப்பார்கள் என்ற நிலையில் இன்று ஒரு மின்னஞ்சலாவது அனுப்பியிருந்தால் அந்த வாதம் வலுவிழக்கும்.

உயர் நீதிமன்ற ரிட் ஆணைகளில் எப்போது பார்த்தாலும் ‘செலவுத்தொகை இல்லை’ என்றே முடிகிறதே, ஏன்?

அரசின் செயலை எதிர்த்து நேரே உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுவைப் பிரிவு 35 நேரடியாகக் கட்டுப்படுத்தாது. 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பிரிவு 141இல் சேர்க்கப்பட்ட விளக்கம், அரசியலமைப்பின் 226ஆம் உறுப்பின் கீழான நடவடிக்கைகளை, அதாவது ரிட் மனுக்களை, உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் நடைமுறையிலிருந்து விலக்கி வைக்கிறது. செலவுத்தொகை விதிக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு முழுமையாக உண்டு. ஆனால் முடிவை ஒட்டிச் செலவு போக வேண்டும், மறுத்தால் காரணம் எழுத வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. அதனால் காலப்போக்கில் ‘செலவுத்தொகை இல்லை’ என்ற சொற்றொடர் ஆணையின் கடைசி வரியாக ஊறிப்போய்விட்டது.

அந்த வரி பெரும்பாலும் ஆராய்ந்து எடுத்த முடிவு அன்று. யாரும் கேட்கவில்லை என்பதன் பதிவு. ஆகவே நீங்கள் கேட்டால் பலன் இருக்க வாய்ப்புண்டு. அரசுக்கு நீங்கள் கொடுத்த கோரிக்கை மனுக்களின் தேதிகள், அவை கிடைத்ததற்கான சான்று, வழக்குத் தாக்கலான தேதி, நிவாரணம் வழங்கிய ஆணையின் தேதி, செலவு விவரம் ஆகியவற்றை ஒரு பக்க மெமோவாகத் தட்டச்சு செய்து, நகலை அரசு வழக்குரைஞருக்கும் கொடுத்துவிட்டுத் தாக்கல் செய்யுங்கள். நீண்ட வாதத்தைவிட அந்த ஒரு பக்கம் நன்றாக வேலை செய்யும்.

வழக்கு நடக்கும்போதே நான் கேட்ட ஆணையைத் துறையே போட்டுவிட்டது. ‘மனு பயனற்றுப்போனது’ என்று முடித்துவிட்டார்கள். நான் வென்றேனா, தோற்றேனா?

இந்தத் தொகுப்பிலேயே மிகுந்த அநீதி நிகழும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். மனுதாரர் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. ஆனால் ஏட்டில் அவர் மனு தள்ளுபடியாகிறது. வழக்கைத் தொடுத்திராவிட்டால் அந்த ஆணை வந்திருக்குமா என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. மனுவின் நகல் துறைக்குக் கிடைத்த சில வாரங்களில், அதுவரை ஆண்டுக்கணக்கில் அசையாத கோப்பு அசைந்திருந்தால், காரணம் என்ன என்பது தேதிகளிலேயே தெரியும்.

எனவே ‘பயனற்றுப்போனது’ என்ற சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். ‘மனு நிலுவையில் இருந்தபோது, இன்ன தேதியிட்ட ஆணையின் வழி எதிர்மனுதாரர் மனுதாரரின் கோரிக்கையை நிறைவேற்றிவிட்டார் என்பதைப் பதிவு செய்து மனு முடித்துவைக்கப்படுகிறது’ என்று பதியுமாறு உங்கள் வழக்குரைஞர் கேட்கட்டும். இந்தச் சொற்கள் அமைந்தால், மேலே சொன்ன மெமோவின் அடிப்படையில் செலவு கேட்கக் கால் ஊன்ற இடம் கிடைக்கும். துறை வழக்கோடு தொடர்பில்லாத காரணத்தால், எடுத்துக்காட்டாக மாநிலம் முழுமைக்குமான ஒரு புதிய அரசாணையால், நிவாரணம் தந்திருந்தால் உங்கள் வாதம் மெலிந்துவிடும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வேறு நாடுகளில் இதற்கு என்ன செய்கிறார்கள்?

இங்கிலாந்தும் அமெரிக்காவும் எதிரெதிர்த் திசையில் போயிருக்கின்றன. இங்கிலாந்தில் 2012இல் குராய்டன் நகராட்சிக்கு எதிரான வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசு அமைப்பு விட்டுக்கொடுத்ததால் கேட்ட நிவாரணம் முழுவதையும் பெற்ற மனுதாரருக்கு, மறுக்க நல்ல காரணம் இல்லையென்றால் செலவும் கிடைக்க வேண்டும் என்று கூறியது. வழக்குக்கு முன் எழுதும் கடிதத்திலேயே அதைக் கொடுத்திருக்கலாமே என்பதுதான் அதன் அடிப்படை.

அமெரிக்காவில் 2001இல் பக்கனன் வழக்கில் உச்ச நீதிமன்றம், எதிர்த்தரப்பு தானாகவே நடத்தையை மாற்றிக்கொண்டதால் கிடைத்த பலன் போதாது என்றது. தீர்ப்போ, நீதிமன்றம் ஏற்ற சமரச ஆணையோ இருந்தால்தான் ஒருவர் வென்ற தரப்பாவார். இடைக்காலத் தடை பெற்ற பின் எதிர்த்த சட்டமே நீக்கப்பட்டாலும் வென்றவர் ஆகமாட்டார் என்று 2025இல் லாக்கி எதிர் ஸ்டின்னி வழக்கில் அதையே மேலும் இறுக்கியது. இவை நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் குராய்டன் தீர்ப்பின் தர்க்கம் கட்டளை 24 விதி 4இன் தர்க்கத்தோடு ஒத்துப்போகிறது என்பதைச் சுட்டிக்காட்டத் தடையில்லை.

‘மனுவைப் பரிசீலித்து 12 வாரத்துக்குள் முடிவெடுக்கிறோம்’ என்றார் அரசு வக்கீல். இது ஒத்துக்கொண்டதாகுமா?

ஆகாது. கோரிக்கையைப் பரிசீலிப்பதாகச் சொல்வது, பதில் தருவதாகச் சொல்வதுதான். அந்தப் பதில் ‘இல்லை’ என்றும் வரலாம். நீங்கள் கேட்டது பதில் மட்டுமே என்றால் அது வெற்றி. பணியோ பணமோ கேட்டிருந்தால், பாதி வழி மட்டுமே வந்திருக்கிறீர்கள். இந்நிலையில் முழுச் செலவு கேட்பது எடுபடாது. ஆனால் கோரிக்கை மனுவுக்கு ஆண்டுக்கணக்கில் பதிலே தராததால் நீதிமன்றம் வரவேண்டியிருந்தது என்பதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். மறுத்து ஆணை வந்து மீண்டும் வழக்குப் போட நேர்ந்தால் அந்தப் பதிவு உதவும்.

‘வேண்டியதைத் தந்துவிடுகிறோம், வழக்கை வாபஸ் வாங்குங்கள்’ என்கிறார்கள். வாங்கலாமா?

கையில் ஆணை வரும்வரை வாங்காதீர்கள். கட்டளை 23 விதி 1இன்படி, மீண்டும் வழக்குத் தொடுக்க அனுமதி பெறாமல் வழக்கைத் திரும்பப் பெறும் வாதி, அதே பொருளில் புதிய வழக்குத் தொடுக்க முடியாது. நீதிமன்றம் விதிக்கும் செலவுத்தொகைக்கும் ஆளாவார். கேட்டதைப் பெற்ற நீங்கள் செலவைக் கொடுப்பவராக மாறும் ஒரே வழி இதுதான். ரிட் மனுவுக்கும் இதே கொள்கை பொருந்தும் என்று 1986இல் சர்குஜா போக்குவரத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

வாபஸுக்கு மாற்றாக, கட்டளை 23 விதி 3இன்படி எழுத்துமூலச் சமரசமாகப் பதிவு செய்யக் கேளுங்கள். அதில் செலவுத்தொகைக்கு ஒரு பத்தி இருக்கட்டும். ‘அவரவர் செலவு அவரவருக்கு’ என்ற வரியைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள்.

சமரசமாக முடிந்தால் நான் கட்டிய கோர்ட் ஃபீஸ் திரும்புமா?

தமிழ்நாட்டில் பெரும்பாலும் திரும்பும். தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணங்கள் மற்றும் உரிமை வழக்குகள் மதிப்பீட்டுச் சட்டம், 1955இன் பிரிவு 69அ, நீதிமன்றம் சமரசம் போன்ற மாற்று வழிகளுக்கு அனுப்பிவைத்துத் தீர்ந்த வழக்குகளில் முழுக் கட்டணத்தையும் திருப்பித்தரச் சொல்கிறது. தரப்பினர் தாங்களாகவே வெளியில் பேசித் தீர்த்துக்கொண்ட வழக்குகளுக்கும் அது பொருந்தும் என்று, சென்னை உயர் நீதிமன்றம் எடுத்த நிலைப்பாட்டை 2021இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தாலும் கட்டணம் திரும்பும். இந்தப் பணம் அரசுத் துறை உங்களுக்குத் தரும் செலவுத்தொகை அன்று. இதற்குத் தனியாக மனு போட வேண்டும். மதிப்பு அதிகமுள்ள வழக்குகளில், கைக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி இதுவாகவே இருக்கும்.

கேட்டதில் பாதியைத்தான் ஒத்துக்கொண்டார்கள். செலவு எப்படி?

ஒத்துக்கொண்ட பகுதிக்குக் கட்டளை 12 விதி 6இன்படி உடனே தீர்ப்புக் கேட்கலாம். மீதி தொடர்ந்து நடக்கும். செலவைப் பொறுத்தவரை, வென்ற பகுதிக்கு ஏற்ற விகிதத்தில் தருவது பரவலான நடைமுறை. அரசு முன்பே தர ஆயத்தமாக இருந்த தொகையைத்தான் கடைசியில் பெற்றீர்கள் என்றால், 150 ரூபாய் கேட்டவரின் எடுத்துக்காட்டு உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

பத்து வருடம் இழுத்தடித்துவிட்டு, தீர்ப்பு வரப்போகும் நேரத்தில் ஒத்துக்கொண்டார்கள். கூடுதலாகக் கேட்க முடியுமா?

கேட்கலாம், ஆனால் ஒவ்வோர் இழுத்தடிப்பையும் அந்தந்த நாளிலேயே பிடித்திருக்க வேண்டும். வாய்தா வாங்கியோ, செய்ய வேண்டியதைச் செய்யாமலோ தாமதப்படுத்தும் தரப்பு, மறுதரப்புக்கு அன்றைய செலவைத் தர வேண்டும் என்று ஆணையிடப் பிரிவு 35ஆ வழிசெய்கிறது. அதைக் கட்டினால்தான் அத்தரப்பு மேற்கொண்டு வழக்கை நடத்த முடியும். கட்டளை 12இன்படி ஓர் ஆவணத்தையோ செய்தியையோ ஒப்புக்கொள்ளுமாறு அறிவிப்பு கொடுத்தும் அரசு மறுத்திருந்தால், அதை நிரூபித்த செலவு, வழக்கின் முடிவு எதுவானாலும், பொதுவாக அரசைச் சேரும். இந்த இரண்டு கருவிகளையும் தொடக்கத்திலேயே கையிலெடுத்தவர்களுக்குக் கடைசி நாளில் ஒத்துக்கொள்வதால் இழப்பு குறைவு.

பொய்யான எதிர்வாதத்துக்கான ஈட்டுச் செலவைப் பிரிவு 35அ தருகிறது. ஆனால் அதன் உச்சவரம்பு 3,000 ரூபாய். இன்றைய நிலையில் ஒரு வாய்தாவுக்கான செலவைக்கூட அது ஈடுசெய்யாது. உச்ச நீதிமன்றமே இதை உயர்த்தச் சொல்லியும் சாதாரண வழக்குகளில் அந்த வரம்பு அப்படியே நிற்கிறது.

நான் அரசு ஒப்பந்ததாரர். எனக்கும் இதே விதிகள்தானா?

உங்கள் நிலை சற்று மேலானது. 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத வணிகத் தகராறுகளுக்கு 2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றங்கள் சட்டம் பிரிவு 35ஐ மாற்றி எழுதியிருக்கிறது. தோற்றவர் வென்றவருக்குச் செலவு தருவதே பொது விதி என்று அங்கே வெளிப்படையாக இருக்கிறது. 3,000 ரூபாய் வரம்பும் நீக்கப்பட்டிருக்கிறது. தரப்பினரின் நடத்தையையும், நியாயமான சமரச முன்மொழிவை யார் காரணமின்றி மறுத்தார் என்பதையும் நீதிமன்றம் பார்க்க வேண்டும். நடுவர் மன்றத்துக்கும் 1996ஆம் ஆண்டு நடுவர் மற்றும் சமரசச் சட்டத்தின் பிரிவு 31அ இதையே சொல்கிறது. ஆகவே சமரச முன்மொழிவை எழுத்தில் அனுப்புங்கள்.

தகவல் அறியும் உரிமையில் இரண்டாம் மேல்முறையீடு போட்ட பிறகுதான் தகவலைத் தந்தார்கள். செலவு கேட்கலாமா?

கேட்கலாம். அலைந்ததால் ஏற்பட்ட இழப்புக்கு ஈடு தருமாறு பொது அதிகார அமைப்புக்கு ஆணையிடத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 19(8)(ஆ) தகவல் ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் என்ற பிரிவு 20 தண்டத்தை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது உங்களுக்கு வராது.

செலவுத்தொகை மக்கள் வரிப்பணத்திலிருந்துதானே போகிறது? தவறு செய்த அதிகாரியிடம் வசூலிக்க மாட்டார்களா?

வசூலிக்க நீதிமன்றம் ஆணையிடலாம்; ஆணையிட்டும் இருக்கிறது. 2020இல் மத்தியப் பிரதேச அரசு 663 நாள் தாமதமாக வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 25,000 ரூபாய் விதித்து, அதைப் பொறுப்பான அலுவலர்களிடமிருந்து வசூலிக்கச் சொன்னது. அந்தத் தொகை எதிர்த்தரப்புக்குப் போகவில்லை, சமரசப் பணிக்கான குழுவுக்குப் போனது என்பதைக் கவனியுங்கள். அரசுக்குச் செலவுத்தொகை விதித்த செய்தியைப் படிக்கும்போதெல்லாம் பணம் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். தண்டனையாக விதிக்கப்படுவது பெரும்பாலும் ஏதாவது நிதிக்குப் போகும். உங்கள் செலவை ஈடுகட்டும் தொகையைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும்.

நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்ட அரசு, பிறகு ‘எங்கள் வக்கீல் தவறாகச் சொல்லிவிட்டார்’ என்று மேல்முறையீடு போக முடியுமா?

போகக்கூடும், பொறுப்புள்ள அலுவலரின் அறிவுறுத்தலின் பேரில் எழுத்தில் தரப்படாத ஒப்புதல் அரசைக் கட்டுப்படுத்தாது என்று பெரியாறு பரீகண்ணி ரப்பர் வழக்கில் 1990இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே அரசு வழக்குரைஞர் ஒத்துக்கொண்டால், அறிவுறுத்தல் கடிதத்தின் தேதியும் அதை எழுதிய அலுவலரின் பதவியும் ஆணையில் இடம்பெறக் கேளுங்கள். கடிதத்தையே கோப்பில் சேர்த்தால் இன்னும் நல்லது.

செலவுத்தொகை ஆணை கையில் இருக்கிறது; ‘நிதி ஒதுக்கீடு வரவில்லை’ என்று அலையவிடுகிறார்கள். என்ன செய்வது?

அந்தப் பதில் சட்டப்படி நிற்காது. நீதிமன்றத் தீர்ப்பையும் தீர்ப்பாணையையும் நிறைவேற்றத் தேவையான தொகை, அரசியலமைப்பின் 112ஆம் உறுப்பின்படி ஒன்றியத்தின் தொகுப்பு நிதியின் மீதும், 202ஆம் உறுப்பின்படி மாநிலத்தின் தொகுப்பு நிதியின் மீதும் சுமத்தப்பட்ட செலவு. சட்டமன்றத்தின் வாக்கெடுப்புக்குக்கூட உட்படாதது. உங்கள் கடிதத்தில் இந்த உறுப்பைக் குறிப்பிட்டுத் துறையின் நிதிப் பிரிவுக்கும் நகல் அனுப்புங்கள். மாநகராட்சி, வாரியம், அரசு நிறுவனம் போன்றவை தனிச் சட்ட உருவங்கள் என்பதால் அவை தங்கள் சொந்த நிதியிலிருந்து தர வேண்டும்.

உரிமையியல் தீர்ப்பாணை என்றால், பிரிவு 82இன்படி தீர்ப்பாணை நாளிலிருந்து மூன்று மாதம் பணம் வராமல் கழிந்த பிறகே அரசுக்கு எதிராக நிறைவேற்று நடவடிக்கை தொடங்கும். அந்த நடவடிக்கைக்கு, தீர்ப்பாணை நிறைவேற்றத்தக்கதாகும் நாளிலிருந்து 12 ஆண்டுகள் வரை காலம் உண்டு. ரிட் ஆணையாக இருந்து வேண்டுமென்றே மீறினால், ஓராண்டுக்குள் நீதிமன்ற அவமதிப்பு மனு போட வேண்டும். அலுவலகம் அலுவலகமாக நடந்து அந்த ஓராண்டைக் கரைத்துவிடாதீர்கள்.

நிவாரணம் தந்துவிட்டு, செலவை மட்டும் மறுத்துவிட்டார்கள். அதற்கென்று மேலே போகலாமா?

போகலாம், ஆனால் கதவு குறுகியது. செலவுத்தொகை விருப்புரிமை என்பதால், அதை மட்டும் எதிர்த்த மேல்முறையீட்டில், கொள்கையளவிலான தவறு நடந்திருப்பதைக் காட்ட வேண்டும். உரிமையியல் வழக்கில் பிரிவு 35 கேட்கும் எழுத்துமூலக் காரணம் இல்லாமல் மறுத்திருந்தால், அது அப்படிப்பட்ட தவறு. நீங்கள் தாக்கல் செய்த மெமோ கவனிக்கப்படாமலே ஆணை பிறந்திருந்தால், மேல்முறையீட்டைவிட, 30 நாளுக்குள் அதே நீதிமன்றத்தில் மறுஆய்வு மனு போடுவது செலவு குறைந்த வழி. சமரசத் தீர்ப்பாணையில் கையெழுத்திட்டிருந்தால் பிரிவு 96(3) மேல்முறையீட்டையே தடுக்கிறது. செலவுக்கான பத்தி அதில் இல்லையென்றால் இனிப் பிரிவு 69அவின் கீழ் நீதிமன்றக் கட்டணத்தைத் திரும்பப் பெறுவது மட்டுமே மிச்சம்.